உயிர்வளியும் விழித்திரையும்

1941ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் கிளிஃபோர்டு என்னும் குழந்தை மருத்துவர், குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை ஒன்றைப் பார்க்கச் சென்றார். எடை குறைந்து பிறந்த அக்குழந்தை மருத்துவமனையின் நல்ல கவனிப்பால் பிழைத்து, சில மாதங்களில் தேறியும் வந்திருந்தது. ஆனால் அதன் கண்கள் ஓரிடத்தில் நிலைக்கவில்லை; இங்கும் அங்கும் அலைந்தன. கண்ணின் உள்ளே சாம்பல் நிறப் படலம் ஒன்று தென்பட்டது. குழந்தைக்குப் பார்வை இல்லை. சில நாள்களிலேயே மற்றொரு குறைமாதக் குழந்தையிடமும் இதே நிலையை அவர் கண்டார்.

கண் மருத்துவரான தியோடர் டெர்ரி இத்தகைய ஐந்து குழந்தைகளைப் பற்றி 1942இல் எழுதினார். படலம் லென்சுக்குப் பின்னால் இருந்ததால், நோய்க்கு அதனைக் குறிக்கும் பெயரே முதலில் வழங்கியது. அதன் பின்னர் ஊர் ஊராகச் செய்திகள் வரலாயின. 1953ஆம் ஆண்டுக்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வை இழந்தனர். அவர்களுள் மிகப் பலர் அமெரிக்கக் குழந்தைகள். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த ஸ்டீவி வொண்டர் என்னும் புகழ்பெற்ற இசைக்கலைஞரும் அவர்களுள் ஒருவர்.

இதில் ஒரு விந்தை உண்டு. பொதுவாக நோய் என்பது வறுமையையும் வசதிக் குறைவையும் தேடி வரும். இந்நோயோ நேர்மாறாக நடந்துகொண்டது. வசதி குறைந்த மருத்துவமனைகளில் இது அரிது. புதிய கருவிகளும் தேர்ந்த செவிலியரும் நிறைந்த மருத்துவமனைகளிலேயே பெருகியது. குழந்தைகளை மிக நன்றாகப் பார்த்துக்கொண்ட இடங்களில் ஏன் அவர்கள் பார்வை இழந்தனர்? இவ்வினாவிற்கு விடை காண மருத்துவ உலகிற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

விடையை அறியுமுன் விழித்திரையை அறிய வேண்டும். கண்ணின் உட்புறத்தில், பின் சுவரை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைக் கூட எட்டாது. அதற்குள் மங்கிய ஒளியில் காண உதவும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடியும், வண்ணங்களையும் நுட்பங்களையும் காண உதவும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 இலட்சமும் உள்ளன. இவை ஒளியை மின் குறிப்புகளாக மாற்றுகின்றன. அக்குறிப்புகள் பார்வை நரம்பின் வழியே மூளையை அடைகின்றன. அந்நரம்பில் மட்டும் 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட இழைகள் உண்டு.

பெயரையும் சற்று நோக்கலாம். ஆங்கிலத்தில் இப்படலத்தைக் குறிக்கும் 'ரெட்டினா' என்னும் சொல், வலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் மேல் ஓடும் இரத்தக் குழாய்களின் பின்னல் வலை போலத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது என்பர். தமிழோ உருவம் விழும் திரையாக அதனைக் கண்டது. இரண்டும் பொருத்தமே. ஆயினும் இப்பாடத்தைப் பொறுத்தவரை வலை என்னும் எண்ணமே நமக்கு மிகுதியும் துணை செய்யும்.

அந்த வலை பின்னப்படும் கதை இது. தாயின் வயிற்றில் குழந்தை 16 வார அளவில் இருக்கும்போது, பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் விழித்திரையின் மேல் படரத் தொடங்குகின்றன. அணையிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள் வயல் வயலாகச் செல்வது போல, அவை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்ல முன்னேறுகின்றன. வாய்க்கால் நீர் கடைசியாகச் சென்று சேரும் நிலத்தை உழவர்கள் 'கடைமடை' என்று அழைப்பர். விழித்திரைக்கும் கடைமடை உண்டு. மூக்கை ஒட்டிய விளிம்பினை இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 36ஆம் வாரத்தில் அடைகின்றன. காதினை ஒட்டிய விளிம்பு சற்றுத் தொலைவு. அங்கே சென்று சேர ஏறத்தாழ 40 வாரம் ஆகும். குழந்தை பிறக்க வேண்டிய காலமும் அதுவே.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு குழந்தை 28ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டால், வலை முழுதும் பின்னப்பட இன்னும் எத்தனை வாரங்கள் தேவை? ஏறத்தாழ 12 வாரங்கள். தாயின் கருப்பையில் நடக்க வேண்டிய அவ்வேலை இனி மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திராது. அது மூச்சுத் திணறும்; உடல் நீலம் பாயும். அதனைக் காக்க மருத்துவர்கள் பெட்டிக்குள் ஆக்சிஜனைச் செலுத்தினர். பாட்டியர் பிராணவாயு என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உயிர்வளி என்னும் சொல்லும் வழங்கும். பெயரிலேயே உயிரைத் தாங்கி நிற்கும் காற்று அது. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு உயிர்வளி உள்ளது. 1940களில் வந்த புதிய பெட்டிகள் காற்று எளிதில் கசியாதபடி செய்யப்பட்டவை. ஆதலால் அவற்றில் உயிர்வளியின் அளவை மிக உயர்த்த முடிந்தது. கூடக் கொடுத்தால் நன்மை கூடும் என்று எல்லாரும் நம்பினர். அதனை ஐயுறுவதற்கு யாருக்குத் தோன்றும்?

ஆகவே ஐயம் மற்றவற்றின் மேல் சென்றது. குழந்தைக்குக் கொடுத்த வைட்டமினா? இரும்புச் சத்தா? அறையின் ஒளியா? பாலா? ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. நியூயார்க் நகரில் வில்லியம் சில்வர்மன் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஏ.சி.டி.எச். என்னும் இயக்குநீரை நோய் தொடங்கிய 31 குழந்தைகளுக்குக் கொடுத்தனர். 25 குழந்தைகள் நல்ல பார்வையுடன் வீடு திரும்பினர். அதே நகரின் வேறொரு மருத்துவமனையில் அம்மருந்து பெறாத ஏழு குழந்தைகளுள் ஆறு பேர் பார்வை இழந்தனர். மருந்து கிடைத்துவிட்டது என்று கொண்டாட இதைவிட என்ன வேண்டும்? சில்வர்மன் கொண்டாடவில்லை. இரண்டு மருத்துவமனைகளுக்கு இடையே மருந்தைத் தவிர வேறு வேறுபாடுகளும் இருக்கலாமே என்று அவர் எண்ணினார். அடுத்து வந்த குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்து கொடுத்தும் மறு பிரிவுக்குக் கொடாமலும் கவனித்தனர். முடிவு அதிர்ச்சி அளித்தது. மருந்து பெற்றவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். பெறாதவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். மருந்து பெற்ற பிரிவில் தொற்று நோயால் இறந்தவர்களும் கூடுதல். உண்மை என்னவென்றால், தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே ஆறிவிடும். தானே ஆறியதை மருந்து ஆற்றியதாக அவர்கள் முதலில் எண்ணிவிட்டனர். தம் வெற்றியைத் தாமே சோதித்துப் பொய் என்று காட்டிய அம்மருத்துவரின் நேர்மை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்ததற்குக் குறைந்ததன்று.

உண்மையான தடயம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மெல்போர்ன் நகரில் கேட் கேம்பல் என்னும் பெண் மருத்துவர் மூன்று மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். உயிர்வளியைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் நோய் மிகுதி. செலவு கருதிச் சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் நோய் குறைவு. 1951இல் அவர் இதனை வெளியிட்டார். பணக் குறை ஒன்று சில குழந்தைகளின் கண்ணைக் காத்திருந்தது. வசதி மிக்க மருத்துவமனைகளில் நோய் பெருகியதன் புதிருக்கும் இதில் விடை இருந்தது. ஆயினும் மருத்துவமனையோடு மருத்துவமனையை ஒப்பிடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதை நியூயார்க்கில் கண்டோம் அல்லவா? முறையான சோதனை வேண்டியிருந்தது.

அதனை வாஷிங்டன் நகரில் ஆர்னால் பாட்ஸ் என்னும் இளம் கண் மருத்துவர் தம் தோழர்களுடன் மேற்கொண்டார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம் போல மிகுதியாகவும், மறு பிரிவினருக்குத் தேவைப்படும்போது மட்டும் அளவோடும் உயிர்வளி கொடுக்கத் திட்டமிட்டார். அரசின் ஆராய்ச்சி நிதி அவருக்குக் கிட்டவில்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்குக் காற்றைக் குறைப்பது கொடுமை என்று கருதப்பட்டது. உடன்பிறந்தவரிடம் கடன் வாங்கி அவர் ஆய்வைத் தொடர்ந்தார். அவ்வேளையில் செவிலியர் சிலர், குறைவாகப் பெறும் குழந்தைகள் மேல் இரக்கம் கொண்டு, இரவில் மருத்துவர் இல்லாத நேரம் பார்த்து உயிர்வளிக் குழாயைத் திறந்து அளவைக் கூட்டினர் என்பதும் பதிவாகியுள்ளது. அவர்களைக் குறை கூற இயலுமா? கண்முன் நீலம் பாயும் ஒரு சிசுவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதன்று. ஆனால் 1952இல் வெளிவந்த முடிவு வேறு கதை சொன்னது. மிகுதியாகப் பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய் முற்றியது. அளவோடு பெற்ற பிரிவில் எவருக்கும் முற்றவில்லை.

அடுத்து, 18 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 1954இல் இதனை உறுதி செய்தது. இலண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளைக் கொண்டு காரணத்தைக் காட்டினார். பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் விழித்திரை வலை முழுமை பெற்றிராது. குறைமாதக் குழந்தையின் நிலையும் அதுவே. உயிர்வளி மிகுந்த இடத்தில் வைத்தபோது குட்டிகளின் கண்ணில் வளர்ந்து கொண்டிருந்த இரத்தக் குழாய்கள் சுருங்கி மூடிக்கொண்டன. இயல்பான காற்றுக்கு மீண்டு வந்தபின் புதிய குழாய்கள் ஒழுங்கின்றி முளைத்தன. 1956இல் பாட்ஸுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. அதனை அவர் கையில் அளித்தவர் ஹெலன் கெல்லர்.

உள்ளே நடப்பது என்ன என்பதை இன்று தெளிவாகச் சொல்ல முடியும். இரத்தம் இன்னும் வந்து சேராத கடைமடை விழித்திரை, 'எனக்கு உயிர்வளி வேண்டும்' என்று ஒரு வேதிப் பொருளைச் சுரந்து அழைக்கிறது. இரத்தக் குழாய் வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். குழாய்கள் அக்குரலைக் கேட்டே படிப்படியாக முன்னேறுகின்றன. கருப்பையில் உயிர்வளி குறைவு. ஆகவே அழைப்பு இடைவிடாமல் ஒலிக்கும், வேலையும் நடக்கும். பெட்டிக்குள் உயிர்வளி வெள்ளமாகப் பாய்ந்தால் அழைப்பு நின்றுவிடுகிறது. அழைப்பு நின்றதும் குழாய்களும் நின்றுவிடுகின்றன, சில மடிகின்றன. சில வாரங்கள் கழிகின்றன. விழித்திரை வளர்கிறது, அதன் பசியும் வளர்கிறது. குழந்தை இயல்பான காற்றுக்கு வந்ததும் கடைமடை உரக்கக் கூவுகிறது. அக்கூவலுக்குப் பதறி முளைக்கும் குழாய்கள் வழிதவறி, விழியின் உட்புறக் கூழ்மத்திற்குள் புகுகின்றன, கசிகின்றன, தழும்பாகி இறுகுகின்றன. இறுகும் தழும்பு விழித்திரையைப் பிடித்து இழுக்க, அது சுவரை விட்டுப் பிரிகிறது. பாஸ்டனில் மருத்துவர் கண்ட சாம்பல் நிறப் படலம் அவ்வாறு பிரிந்து சுருண்ட விழித்திரையும் தழும்பும் சேர்ந்ததே.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இவ்விடத்தில் எவர்க்கும் நினைவு வரும். ஆனால் அப்பழமொழி பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது. 1954க்குப் பின் மருத்துவமனைகள் உயிர்வளியை நூற்றுக்கு 40 பங்கைத் தாண்டாமல் கட்டுப்படுத்தின. பார்வையிழப்பு விரைந்து குறைந்தது. அதே வேளையில், பிறந்த முதல் நாள்களில் இறக்கும் குறைமாதக் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது. பிழைத்தவர்களுள் சிலர் மூளைப் பாதிப்புக்கு உள்ளாயினர். காக்கப்பட்ட ஒவ்வொருவர் பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று பிரிட்டன் நாட்டு அறிஞர் கென்னத் கிராஸ் 1973இல் கணக்கிட்டார். கண்ணைக் காக்க எடுத்த முடிவு, கல்லறைகளின் கணக்கில் இருபது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. கண்ணிழந்த குழந்தை எல்லார் பார்வையிலும் படும்; இறந்த குழந்தையோ முன்பும் இறந்தவர்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு மறக்கப்படும்.

ஆகவே வினா மாறியது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றால் சரியான அளவு எது? அதனை அளக்க உதவிய கருவி ஒன்றை நீங்கள் அறிவீர்கள். கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் விரல் நுனியில் மாட்டிப் பார்த்தார்களே, அந்த ஆக்சிமீட்டர்தான். குத்தாமல் கீறாமல், இரத்தத்தின் நிறத்தை ஒளியால் ஆராய்ந்து உயிர்வளியின் அளவைச் சொல்லும் அம்முறையை 1974இல் வெளியிட்டவர் ஜப்பானின் தக்குவோ அவோயாகி. குறைமாதக் குழந்தைக்கு அதனைச் சின்னஞ்சிறு காலில் சுற்றிக் கட்டுவர். அமெரிக்காவில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2010இல் வெளிவந்தது. ஆக்சிமீட்டர் எண் 85 முதல் 89 வரை இருக்குமாறு வைத்த பிரிவில் கடுமையான கண் நோய் பாதியாகக் குறைந்தது. ஆனால் இறப்பு கூடியது. 91 முதல் 95 வரை வைத்த பிரிவில் உயிர் பிழைத்தோர் கூடுதல். கண் நோயும் கூடுதல். மருத்துவ உலகம் இரண்டாவது அளவின் பக்கமே சாய்ந்தது. உயிர் முதலில், கண்ணை வேறு வழியில் காக்க வேண்டும்.

அவ்வேறு வழி காலத்தே பார்த்தலும் காலத்தே சிகிச்சை செய்தலும் ஆகும். மருத்துவர் லேசர் ஒளியால், இரத்தம் சேராத விளிம்புப் பகுதியைச் சுட்டு அமைதிப்படுத்துவார். கூவும் கடைமடை ஓய்ந்ததும் வழிதவறிய குழாய்கள் வாடிவிடும். விளிம்புப் பார்வையில் சிறிது இழந்து, நடுப் பார்வையைக் காத்துக்கொள்ளும் பேரம் இது. அழைப்பு விடுக்கும் வேதிப் பொருளையே அடக்கும் ஊசி மருந்தும் 2011க்குப் பின் பரவலாயிற்று. எதுவாயினும், நோய் முற்றும் நிலையை எட்டியதும் இரண்டு மூன்று நாள்களுக்குள் செய்ய வேண்டும். விழித்திரை முழுதும் பிரிந்துவிட்டால் பின் எவர் முயன்றும் பயன் மிகக் குறைவே.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றனர். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை. முன்பெல்லாம் பிழைக்காதவர்கள் இன்று மாவட்டத் தலைநகர்களிலுள்ள மருத்துவமனைகளிலும் பிழைக்கின்றனர். அதனால் 1940களில் பாஸ்டன் கண்ட இடரை இங்குள்ள சிற்றூர்களும் காண்கின்றன. 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது இந்நாட்டின் வழிகாட்டு நெறி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். 'தீஸ் தின் ரோஷ்னி கே' என்று இந்தியில் ஒரு முழக்கம் உண்டு. 'ஒளிக்கு முப்பது நாள்' என்று தமிழில் சொல்லலாம்.

நெறி வகுப்பது எளிது. சிற்றூர்களில் விழித்திரை மருத்துவரைத் தேடுவது அரிது. பெங்களூரில் மருத்துவர் ஆனந்த் வினேகர் குழுவினர் 2008இல் ஒரு வழி கண்டனர். பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் சிறப்பு ஒளிப்படக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கர்நாடகத்தின் மாவட்ட மருத்துவமனைகளுக்குச் செல்வர். விழித்திரையைப் படம் எடுத்து இணைய வழியே அனுப்புவர். நகரிலிருக்கும் மருத்துவர் பார்த்து முடிவு சொல்வார். கோயம்புத்தூரில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இதையொத்த திட்டத்தை நடத்துகிறது.

இருந்தும் ஓர் இடைவெளி எஞ்சியுள்ளது. நம்மவரிடையே பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வதும், குழந்தை பிறந்த சில வாரங்களில் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்புவதும் வழக்கம். குறைமாதக் குழந்தை பிழைத்து, எடை ஏறி, மருத்துவமனையை விட்டு வெளிவரும் நாளும் இந்த முப்பதாம் நாளும் பெரும்பாலும் அருகருகே வரும். குழந்தை தேறிவிட்டது என்னும் மகிழ்ச்சியில் குடும்பம் தொடர்வண்டி ஏறிவிட்டால், பிறந்த ஊர் மருத்துவர் குறித்த நாள் வழியிலேயே கழிந்துவிடும். புதிய ஊரின் மருத்துவருக்கோ குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்றே தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் கண் தெளிவாகவே இருக்கும். சாம்பல் நிறம் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை ஒரு தாள் கொடுக்கும். அதில் பிறந்த வாரம், எடை, மருந்துகள் இவற்றுக்கிடையே கண் சோதனைக்கான நாளும் ஒரு வரியாக இருக்கும். அத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்து, அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் சொல்லக் கூடியவர் சில வீடுகளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒருவராகவே இருக்கக்கூடும்.